அத்தா வீட்டு மீட்டர்

1

லெஸ்டரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போன வாரம் ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். வாடகை வீடுகளின் ஒயரிங்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று இங்கே சட்டம். வீட்டுக்காரரின் ஏஜென்ட்டிடமிருந்து அதற்கு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. மூன்றிலும் என் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஜமீலா என்பதில் தப்பு விட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

வந்தவர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு சின்ன பொத்தானை அழுத்தினார். டக்கென்று வீடு முழுக்க அணைந்தது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றுபோனது. "நல்லது, வேலை செய்கிறது" என்றார் அவர். கரன்ட் எங்கேயாவது கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் சுவிட்ச் அது.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை. ஆனால் அதை அவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது.

பதினோரு வருடமாகிறது இங்கே வந்து. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலையில் உருளைக்கிழங்கு, மதியம் பாத்திரம், மாலையில் வீடு. ஆங்கிலம் அந்த அளவுக்குப் போதும். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் வீடு இருண்டு போனது. மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டு, நம் ஊரில் சொல்கிற மாதிரியே "கரன்ட் போயிடுச்சு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் மிகுந்த பொறுமையோடு, கரன்ட் அக்கவுன்ட் விஷயமென்றால் பேங்கைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள். இருட்டில் நின்றுகொண்டு, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரன்டுக்கு வேறு வார்த்தை என்ன என்று யோசித்தேன். அந்த மகள் ஹனாவுக்கு இப்போது பதிமூன்று. இப்போது அவள்தான் எனக்காகப் போனில் பேசுகிறாள்.

படிக்கட்டில் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் லெஸ்டர் இல்லை, குரோம்பேட்டை. போன வருடம் கோடை விடுமுறையில் அங்கே நடந்ததை இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மேல் இருக்கும் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2

என் அத்தா நாகல்கேணியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். பல்லாவரத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அம்மா மவுத்தான பிறகு அந்தப் பழைய வீட்டில் இருக்கப் பிடிக்காமல், குரோம்பேட்டையில் ஒரு தனி வீட்டின் கீழ்ப்பகுதிக்கு வாடகைக்கு மாறினார். ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. பின்பக்கம் குழாயடி, துவைக்கிற கல். மாடியில் வீட்டுக்காரம்மா வசந்தா அக்கா. கணவர் இல்லை. மகன் பெங்களூரில். மோட்டார் வைத்த தையல் மெஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் தனித்தனி மீட்டர்.

அத்தாவுக்கு ஆன்லைனில் பில் கட்டத் தெரியாது. இணைப்பு எண்ணை என் போனில் பதிந்து வைத்து நான்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கிருந்தே கட்டுவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. அத்தாவுக்காக என்னால் செய்ய முடிந்த வேலைகளில் அது ஒன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை என் கையாலேயே முடிகிறது.

அந்த வருடம் மழையில் பின்பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது என்று சொன்னார். தை மாதம் வந்த பில்லில் யூனிட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அதற்கடுத்த பில்லில் மூன்று மடங்கு. நம் ஊரில் யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று மடங்கு யூனிட் என்றால் பில் மூன்று மடங்கோடு நிற்பதில்லை.

"அத்தா, ஏசியைப் போட்டுட்டுத் தூங்கிடுறீங்களா?"

"இல்லம்மா. நான் எங்க ஏசி போடுறேன்."

"அப்புறம் எப்படி இவ்வளவு வரும்? ராத்திரி முழுக்க ஓடினாத்தான் இப்படி வரும்."

"சரிம்மா. இனிமே பாத்துக்கிறேன்."

தை மாதத்தில் யார் ஏசி போடுவார்கள்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. என் மனதில் இருந்த சென்னை எப்போதும் மே மாதத்துச் சென்னை.

பிறகு வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அத்தா இருட்டில் இருந்தார். "ஏன் லைட் போடல?" என்றால் "கண்ணு கூசுதும்மா" என்பார். மூன்றாவது பில்லும் குறையவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாடியில் நாள் முழுக்க மோட்டார் மெஷின் ஓடுகிறது. கீழே ஒரு வயதானவர். அவர் மீட்டரிலிருந்து ஒரு ஒயரை மேலே இழுத்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது?

வசந்தா அக்காவுக்குப் போன் போட்டேன். சலாமோ வணக்கமோ சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

"எங்க மீட்டர்ல இருந்து உங்க வீட்டுக்கு லைன் எதாவது போகுதா?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"என்னம்மா கேக்கறே?"

"வயசானவர், தனியா இருக்காரு, யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சிடாதீங்க."

"நீ வரும்போது பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். குற்றமுள்ளவர் அப்படித்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

3

ஜூலை கடைசியில் ஹனாவையும் அழைத்துக்கொண்டு போனேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்த அன்று காலை, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. மேல் தட்டில் அரிசி டப்பா, பருப்பு. கீழ்த்தட்டில் மடித்த லுங்கிகள். பிளக் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருந்தது.

"என்ன அத்தா இது?"

"ஓடாம இருந்தா பில்லு குறையும்னு பாத்தேன். பால் தினம் புதுசாவே வாங்கிக்கிறேன். எனக்கெதுக்கும்மா ஃபிரிட்ஜ்?"

"இன்சுலின்? அதை எங்க வச்சிருக்கீங்க?"

அத்தாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம். காலையும் மாலையும் ஊசி. அவர் என்னைப் பார்க்காமல் லுங்கியை நன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டு, "மேல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வசந்தாம்மா ஃபிரிட்ஜ்ல. காலையில ஏழு மணிக்குக் கொண்டாந்து குடுக்கும். சாயங்காலமும். என்னைப் படி ஏற வேண்டாம்னு சொல்லிடுச்சு. அஞ்சு மாசமா அப்படித்தான்."

ஐந்து மாதம். நான் போன் செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு நான் பேசிய நேரத்தில், அத்தாவின் மருந்து அந்த வீட்டுக் கரன்டில்தான் குளிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு வார்த்தையில் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டப்பாவோடு வசந்தா அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் டப்பாவை ஹனாவின் கையில் கொடுத்துவிட்டு, "பாய், சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று வாசலிலேயே சொல்லித் திரும்பிவிட்டார். நான் எழுந்து பின்னால் போகவில்லை. மீட்டர் விஷயம் என்னவென்று தெரியாமல் எதை வைத்து மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மனசின் ஒரு மூலையில் சந்தேகமும் இன்னும் இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

4

இரண்டாம் நாள் மதியம், குழாயடியில் கை கழுவப் போன ஹனா ஓடி வந்தாள்.

"அம்மா, குழாய் கடிக்குது."

ஹனாவின் தமிழ் அப்படித்தான். மழை விழுந்துட்டுது என்பாள். பசி எனக்குள்ள வந்துச்சு என்பாள். லெஸ்டரில் அவளோடு தமிழில் பேசப் பெரும்பாலும் நான் ஒருத்திதான் என்பதால், அவள் வாய் திறந்தால் திருத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மொட்டை மாடி டேங்கில் வெயிலில் காய்ந்த தண்ணீர், தொட்டால் சுடத்தான் செய்யும்.

"கடிக்குதுன்னு சொல்லக்கூடாது. நாய்தான் கடிக்கும். தண்ணி சுடுதுன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

"இல்லம்மா, கடிக்..."

"சுடுது."

"சுடுது" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். மீட்டரில் கோளாறு என்று மனு எழுதி எடுத்துப் போயிருந்தேன். இணைப்பு வசந்தா அக்காவின் கணவர் பெயரில் இருந்தது, அவரோ இல்லை, நானோ வாடகைக்காரர் மகள், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவள். இதை மூன்று மேஜைகளில் மூன்று முறை சொன்னேன். கடைசி மேஜையில் இருந்த இன்ஜினியர் அம்மா பழைய ரீடிங்கையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"மீட்டரை டெஸ்ட் பண்ணணும்னா பண்ணலாம்மா, எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி வீட்ல ஒண்ணு பாருங்க. மெயினை ஆஃப் பண்ணாதீங்க. லைட், ஃபேன், பிளக் எல்லாத்தையும் மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட் இருக்கும். அது விட்டு விட்டு மின்னுச்சுன்னா, நீங்க யூஸ் பண்ணாமலே கரன்ட் எங்கயோ போவுதுன்னு அர்த்தம். வீட்டு ஒயரிங்குக்கு நல்ல எலக்ட்ரீஷியனா பாத்துக் கூப்பிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அணைத்தேன். போன் சார்ஜரைக்கூட உருவினேன். ஹனா மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றாள். வியர்வை வழிய நான் கேட்டேன்.

"மின்னுதா?"

"மின்னுது. ஃபாஸ்ட்டா மின்னுது."

5

எலக்ட்ரீஷியன் சேகர் அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றவில்லை. "தப்பா நினைக்காத மா, வேலை முடியற வரிக்கும் இது கால்லதான் இர்க்கணும்" என்றார். மின்னும் விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா பாய், இவ்ளோ வேகமா ஓடிக்கினு கீது? ஆறு மாசமா இப்டியா?"

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அண்ணா, மாடிக்கு லைன் எதாவது போகுதான்னு பாருங்க."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "அத்தெ பாக்கறது ரொம்ப ஈஜி. அம்மா! மேல கீற அம்மா! உங்க வூட்ல ஃபேன், லைட்டு, மெஷினு எல்லாத்தியும் போட்டு வுடு. கீழ மெயின புடுங்கப் போறேன். எதுனா நின்னா சொல்லு!"

வசந்தா அக்கா மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. எதற்காக இந்தச் சோதனை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே போனார். மேலே மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. சேகர் அண்ணன் எங்கள் மெயினை இறக்கினார். சிவப்பு விளக்கு மின்னுவது நின்றது.

மேலே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஃபேன் ஓடுது. லைட்டு எரியுது. மெஷினும் ஓடுது" என்று மேலிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல். அதுதான் என்னைக் குத்தியது.

"மேல ஒண்ணும் போவல மா. உங்க லைன்லயே கீது கோளாறு" என்றார் சேகர் அண்ணன். மெயினை ஏற்றிவிட்டு, பழைய போர்டில் இருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். முதலாவது, ஹால். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. இரண்டாவது, ரூமும் சமையல்கட்டும். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவதை உருவியதும் நின்றது.

"இது எங்க போவுது?"

அத்தாவுக்குத் தெரியவில்லை. வசந்தா அக்கா படி இறங்கி வந்தார். "அது கிணத்து மோட்டார் லைன். கிணத்தைத்தான் மூடியாச்சே. பத்து வருஷம் ஆச்சு."

"கெணத்த மூடினீங்க. ஒயர மூடலியே" என்றார் சேகர் அண்ணன்.

பின்பக்கம் போய்த் தோண்டிப் பார்த்தார். சிமென்ட் தரைக்கு அடியில் இரும்புக் குழாய்க்குள் அந்த ஒயர் இன்னும் உயிரோடு இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி, ஒயரின் தோல் உரிந்து, கரன்ட் இரவும் பகலும் ஈரமண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இரும்புக் குழாய் போகும் வழியில் குழாயடிப் பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, டெஸ்டரைக் குழாயின் பித்தளைத் திருகில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

சேகர் அண்ணன் முகம் மாறியது. ஓடிப்போய் ஃபியூஸை உருவிவிட்டு வந்தார்.

"பாய், இந்தக் கொயாயத் தொட்டா ஒண்ணும் தெரிலியா உனுக்கு?"

அத்தா மெதுவாகச் சொன்னார். "சுரீர்னு இருக்கும். தொழுகைக்கு ஒளு செய்றப்ப காலைக் கழுவ ரப்பர் செருப்பைக் கழட்டுவேன்ல, அப்ப. சர்க்கரைக்காரங்களுக்குக் கால் அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதுதான் முத்திப்போச்சுன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல அத்தா?"

"பில்லுக்கே இவ்வளவு கவலைப்படுறியே. காலும் போகுதுன்னு சொன்னா நீ அங்க எப்படிம்மா இருப்பே?"

அப்போதுதான் ஹனா மிகச் சன்னமான குரலில் சொன்னாள். "நான் சொன்னேன்லம்மா. கடிக்குதுன்னு."

சேகர் அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கரீட்டா சொல்லிகீது பாரு கொயந்த. கரன்ட் கடிக்கத்தான் செய்யும்."

குளிக்கிற அறையின் வாசற்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். ஐந்து வேளை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை அந்தக் குழாயடியில் என் அத்தா செருப்பைக் கழற்றியிருக்கிறார். என் பெண் வெறும் காலோடு போய்த் தொட்டுவிட்டு ஓடி வந்து சொல்லியிருக்கிறாள். நான் அவளுக்கு வினைச்சொல் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

6

அந்த ஒயரைச் சேகர் அண்ணன் வேரோடு துண்டித்தார். போர்டை மாற்றி, கசிந்தால் தானே அணையும் சுவிட்சை மாட்டினார். அதை மேல் வீட்டுக்கும் மாட்டச் சொன்னார் வசந்தா அக்கா. செலவு முழுக்கத் தன்னுடையது என்று ஒரே பிடியாக நின்றார்.

வேலை முடிந்த பிறகு நான் மாடிக்குப் போனேன். அவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் தைக்கவில்லை.

"அக்கா, நான் அன்னிக்குப் போன்ல..."

"விடும்மா."

"விட முடியலக்கா. இன்சுலின் உங்ககிட்ட இருக்குன்னு அப்பவே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருக்கவே மாட்டேனே."

"சொல்லியிருந்தா ஃபிரிட்ஜை ஏன் நிறுத்தினீங்கன்னு நீ பாயைத் திட்டியிருப்பே. அவரு ஏற்கெனவே உன் போன் வந்தாலே லைட்டை அணைச்சிட்டுத்தான் எடுக்கறாரு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்ட வேண்டியவர் அழுதுகொண்டிருந்தார்.

"கிணத்தை மூடினது எங்க வீட்டுக்காரர்தான். ஒயரைக் கழட்டிடறேன்னு சொல்லிட்டே இருந்தாரு. அப்புறம் ஆஸ்பத்திரி, அது இதுன்னு ஆயிடுச்சு. நானும் மறந்துட்டேன். பாய்க்கு எதாவது ஆயிருந்தா உன் முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணி ஏழாகிறது, பாய்க்கு ஊசி போடணும் என்று எழுந்தார். கீழே ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்து மூன்று மணிநேரம் ஆகியிருந்தது. டப்பாவை இனிமேல் நாங்களே கீழே வைத்துக்கொள்கிறோம் என்றேன்.

"வேணாம்மா. இங்கேயே இருக்கட்டும். ரெண்டு வேளை அவரைப் பாத்துட்டு வந்தா எனக்கும் நிம்மதி."

அதற்கடுத்த பில்லில் யூனிட் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. நான் பில்லைப் பார்த்துக் கூப்பிட்டபோது அத்தா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வந்திருக்கு?" நான் சொல்லவில்லை. "ஏசி போடுங்க அத்தா" என்றேன். நான் போடாவிட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தார்.

லெஸ்டருக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நல்ல நெரிசல். வாடகைக் காரில் நானும் ஹனாவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பல்லாவரம் தாண்டும்போது அவளிடம் கேட்டேன்.

"ஹனா, அந்தக் குழாய் மாதிரி, நீ சொல்லி நான் கேக்காம விட்டது வேற எதாவது இருக்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். உண்மையிலேயே கேட்கிறேனா என்று முகத்தைப் பார்த்தாள்.

"நிறைய இருக்கு."

"சொல்லு."

"தமிழ் தப்பா வரும்."

"வரட்டும்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்காரும் பெண் வேறு இடம் போய்விட்டதையும், அதிலிருந்து அவள் தனியாகச் சாப்பிடுவதையும், அதே பள்ளிச் சமையலறையில் நான் இருந்தும் என்னிடம் சொல்லாததையும் சொன்னாள். "என் நெஞ்சு அப்போ காலியா ஆடுச்சு" என்றாள். "ராத்திரி என் தலை பேசிட்டே இருக்கும்" என்றாள். விமான நிலையத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை இறக்கிய பிறகும் அவள் முடிக்கவில்லை. நாங்கள் இருவரும் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி பேசினோம். ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.